கோவத்துக்கு ஒரு குமாஸ்தா

வா வாப்பா, உக்காரு. போனை ஏன் மூஞ்சிக்கு நேரா நீட்டுதே? கண்ணாடி இல்லாமலே தெரியுது, அம்புட்டுப் பெரிய செவப்பு எழுத்து. கூடவே இடிச்சத்தம் வேற. ‘படச்சவனோட கோவம் இறங்கிருச்சு’ன்னு போட்டிருக்கு. யாரு சொன்னா? பத்து குரூப்பு சுத்தி வந்திருக்கு, அதனால நெசம்ங்கியா? நாலு கை மாறுன மாடு பால் கூடவா கறக்கும்?

இது ஒண்ணும் புதுசில்லப்பா. மதீனாவுல ஷேக் அகமது கண்ட கனவுன்னு எங்க வாப்பா காலத்துலயே ஒரு நோட்டீஸு சுத்துச்சு. படி எடுத்துக் குடுக்கலைன்னா நாசம்னு மெரட்டல். யாரு நாசமானாங்களோ, அச்சாபீஸுக்காரன் பொழைச்சான்.

2023 டிசம்பர் மறந்துபோச்சா? நம்ம காயல்பட்டணத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. திண்ணை முங்கி, அரிசிச் சாக்கு ஊறிப் பொதபொதன்னு கெடந்துச்சு. அன்னைக்கும் ஒருத்தன் மொட்டைமாடியில நின்னுக்கிட்டு, ‘அந்தக் கல்யாண வீட்டுல பாட்டுப் போட்டாங்கல்லா, அதான் கோவம்’னான். அவன் வீட்டுலயும் இடுப்பளவு தண்ணி. அதுக்கு மட்டும் ‘சோதனை’ன்னு பேரு! அடுத்தவனுக்கு வந்தா தண்டனை, தனக்கு வந்தா சோதனை. எந்தக் கிதாபுல படிச்சானோ?

அதே தண்ணியிலதான் ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னுபோச்சு. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க இருந்த அரிசியைப் பொங்கி, ரயில்ல மாட்டிக்கிட்டவங்களுக்குப் போட்டாங்க. அதைப் பத்தி உன் செவப்பு எழுத்துல ஒரு வரி உண்டா?

தண்ணியில மூழ்கி மவுத்தாப்போனவன் ஷஹீதுன்னு ஹதீஸு இருக்கு. கொள்ளைநோயில போனவனும், இடிஞ்சு விழுந்ததுல சிக்குனவனும் அப்படித்தான். நாயகம் (ஸல்) ஷஹீதுன்னு சொன்னவனை, நீ கோவத்துக்கு ஆளானவன்னு எழுதுதே. யாரு பேச்சைக் கேக்கணும் நான்?

ஹிஜ்ரி 10ல நாயகத்தோட பச்சப்புள்ள இப்ராஹீம் மவுத்தாச்சு. அன்னைக்கே சூரியனைக் கிரகணம் புடிச்சுச்சு. புள்ளைக்காக வானமே இருண்டுருச்சுன்னு சனங்க பேச ஆரம்பிச்சாச்சு. நாயகம் அதை ஒத்துக்கிட்டாங்களா? எவன் பொறப்புக்கும் எவன் சாவுக்கும் கிரகணம் புடிக்காதுன்னு வெட்டிச் சொல்லிட்டாங்க. புள்ளையைப் பறிகுடுத்த அன்னைக்கு, வாப்பா! உனக்கு ஒரு மழை பெஞ்சா அர்த்தம் சொல்லாம இருக்க முடியல.

கோவமே கெடையாதுன்னு நான் சொல்லல. உண்டு. ஆனா உனக்கு மூக்கு வெடைக்குமே, அந்த மாதிரியா? தண்டிக்க நாடுறதுக்குத்தான் கோவம்னு பேருன்னு அஷ்அரி வழி ஆலிம்கள் பாடம் நடத்துவாங்க. கோவம் உண்டு, எப்படின்னு மட்டும் கேக்காதேம்பாங்க வேற சிலர். மாமியா கோவம் மாதிரி இல்லைங்கிறதுல ரெண்டு கட்சிக்கும் சண்டை கெடையாது.

வேணும்னே ஒரு முஃமினைக் கொன்னவன் மேல கோவம்னு குர்ஆன் நேராவே சொல்லுது. தான் செய்யாததை ஊருக்குச் சொல்லுறவன் மேலயும் பெரிய வெறுப்புன்னு இருக்கு. ஃபார்வேர்டு பண்ணுறவங்க அந்தப் பக்கத்தைப் புரட்டவே மாட்டாங்க.

பர்ளுத் தொழுகையில மட்டும் நாளைக்கு 17 தடவை ஃபாத்திஹா ஓதுதே. கோவத்துக்கு ஆளானவங்க வழியில எங்களை விட்டுராதேன்னுதானே கேக்குறோம்? அந்த வழியில அடுத்த வீட்டுக்காரனைத் தள்ளுன்னா கேக்குறோம்?

என் ரஹ்மத்து என் கோவத்தை முந்திருச்சுன்னு படச்சவன் அர்ஷுக்கு மேல எழுதி வச்சிருக்கான். ரஹ்மத்தை நூறு பங்காக்கி, ஒண்ணே ஒண்ணைத்தான் துனியாவுக்கு இறக்குனானாம். குதிரை தன் குட்டியை மிதிச்சுறாம குளம்பைத் தூக்குது பாரு, அது அந்த ஒரு பங்குல உள்ளது. மிச்சம் 99 அவன்கிட்ட இருக்கு. உன் போன்ல அதுக்கு எடமே இல்ல!

முன்னால ஒருத்தன், ‘இன்னாரை அல்லா மன்னிக்கவே மாட்டான்’னு சத்தியம் பண்ணுனானாம். அவனை மன்னிச்சாச்சு, உன் அமலைத்தான் அழிச்சாச்சுன்னு பதில் வந்துச்சு. கோவத்துக்குக் குமாஸ்தாவா உக்காந்தவனுக்குக் கெடைச்ச சம்பளம் அது.

சரி, அது போகட்டும். உன் மச்சான்கிட்ட நீ பேசி எத்தனை மாசமாச்சு? நாயகம் வச்ச கெடு மூணே நாளு. அந்தா, அவன்தான் பள்ளிக்குப் போறான். செருப்பை மாட்டு.