வம்ச விசாரணை

கேள்வி: என் மகளுக்குச் சினைப்பை நீர்க்கட்டி இருப்பதாக டாக்டர் சொன்ன நாள் முதல், "இது உன் வம்சத்துச் சீதனம்" என்று என் கணவர் சாதிக்கிறார். உண்மைதானா?

பதில்: 1935-ஆம் வருஷத்தில் சிகாகோ வைத்தியர்களான ஸ்டைனும் லெவந்தாலும் 7 ஸ்திரீகளைப் பரீட்சித்து வர்ணித்த இந்த வியாதிக்கு வம்சத் தொடர்பு உண்டென்பது, இரட்டையரை ஒப்பிட்டு நடந்த டச்சு ஆராய்ச்சிக்குப் பிறகு, பெரிதும் ஊர்ஜிதமாகிவிட்டது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு ஒரு தனி மரபணு அகப்படவில்லை. 2018-இல் 10,000-க்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் கண்டதெல்லாம் 14 இடங்களில் சிறு சிறு பேதங்களே. அவற்றுள் ஒன்று சினைமுட்டையை முதிரச் செய்யும் ஹார்மோனுக்குரிய மரபணுவின் அருகே இருப்பினும், ஒவ்வொன்றும் அபாயத்தைச் சற்றே உயர்த்துமேயன்றி, உடற்பருமன் முதலிய சகாயங்களில்லாமல் தனித்து நோயை விளைவிக்க வல்லதன்று. இப்பேதங்கள் தாய்வழியே போலத் தந்தைவழியேயும் வந்து சேரக்கூடும் என்பதோடு, ஆண்களின் வழுக்கைக்கும் இந்நோய்க்கும் மரபணு உறவு உண்டென்று அந்த 2018-ஆம் வருஷத்து ஆராய்ச்சியே காட்டியிருக்கிறது. ஆகையால், தங்கள் ஸ்ரீமான் மறுபடியும் வம்ச விசாரணையைத் தொடங்குவாரானால், வாதம் ஏதும் செய்யாமல் ஒரு கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, தமது நெற்றி எவ்விடத்தில் முடிகிறது என்று காட்டும்படி விநயமாகக் கேளுங்கள்.