மிதிபடகும் காட்டுமாடும்

ஏரி வட்டமாக இருந்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் பாதிச் சண்டை வராது. எங்கே இருந்து பார்த்தாலும் எதிர்க்கரை தெரியும், படகு ஏறிய இடம் தெரியும், யார் சொன்ன திசை சரி என்று கரையே தீர்ப்புச் சொல்லிவிடும். கொடைக்கானல் ஏரி அப்படியில்லை. 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்துக் கரை கட்டியபோது, தண்ணீர் பள்ளம் கண்ட பக்கமெல்லாம் புகுந்து நட்சத்திரம் மாதிரி கைகால் நீட்டிப் படுத்துவிட்டது. மொத்தம் சுமார் 60 ஏக்கர்தான். மதுரைப் பக்கத்துப் பெரிய கண்மாய்களை அறிந்தவனுக்கு அது குட்டை. ஆனால் அதன் ஒரு கைக்குள் நுழைந்துவிட்டால் அடுத்த கை கண்ணில் படாது. தூத்துக்குடியிலிருந்து முதல் படகைக் கொண்டுவந்து விட்டவரும் அதே துரைதான் என்று சொல்வார்கள். நாளைக்குத் தம்பதிகளும் ஏறுவார்களே என்று அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"இந்தத் தடவ அட்வென்ச்சரா இருக்கணும்ங்க" என்பது என் மனைவியின் நிபந்தனை. மலையேறுவதற்கே இப்போது இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7இல் தொடங்கிய ஏற்பாடு. வண்டி நம்பர், ஆள் கணக்கு, தங்கும் இடம் எல்லாம் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு போவதில் என்ன சாகசம் என்று கேட்டேன். பதில் இல்லை. வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியவள், வெள்ளி நீர்வீழ்ச்சியில்தான் திறந்தாள். நானும் அதற்குள் அந்தப் பழத்தை இரண்டு முறை கடன் வாங்கியிருந்தேன்.

மிதிபடகைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் தனித்தனி மிதி, ஆனால் அச்சு ஒன்றுதான். ஒருவர் முன்னால் மிதிக்கும்போது மற்றவர் பின்னால் மிதித்தால் படகு நகராது, முழங்கால்தான் நகரும். திருப்பும் கைப்பிடி நட்டநடுவில் இருக்கும். யார் கைக்கும் எட்டும், யாருக்கும் சொந்தமில்லை. இப்படி ஒரு சாமானை வடிவமைத்தவர் ஒன்று பிரம்மச்சாரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் குடும்ப நல வழக்கறிஞராக இருக்க வேண்டும்.

"அங்கிட்டுத் திருப்புங்க."

"எங்கிட்டு?"

"அதான், அங்கிட்டு!"

அவள் அங்கிட்டு என்றது இடது பக்கம். நான் அங்கிட்டு என்று எடுத்துக்கொண்டது வலது பக்கம். படகு இரண்டையும் மதித்து நேராகப் போய் ஏரியின் ஏதோ ஒரு கைக்குள் நுழைந்தது. அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. கொடைக்கானல் பனிக்கு முன்னறிவிப்புக் கிடையாது. மரம் இருக்கும், அடுத்த நிமிஷம் இருக்காது. படகுத்துறையும் அப்படித்தான் காணாமல் போனது. அரை மணி நேரம் முடிந்ததாக எங்கோ விசில் ஊதினார்கள். நாலு பக்கமும் ஊதுவதுபோல் கேட்டது.

துடுப்புப் படகில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்த பெரியவர்தான் எங்களைக் கண்டுபிடித்தார். கொஞ்ச நேரம் துடுப்பை நிறுத்திவிட்டு எங்கள் முயற்சியைப் பார்த்தார். பிறகு, "தம்பி, யாராவது ஒருத்தர் மிதிங்க, போதும்" என்றார். என் மனைவி உடனே காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டாள். கைப்பிடியை மட்டும் விடவில்லை.

மறுநாள் குணா குகைக்குப் போனோம். 1991இல் வந்த 'குணா' அந்தக் குகைக்குப் பெயர் வைத்தது, 2024இல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' கூட்டம் சேர்த்தது. கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்த வேலியைப் போட்டவருக்கு என் மனமார்ந்த நன்றி. 1899இல் சூரியனை ஆராய்வதற்காகத் தொடங்கிய வானாய்வகமும் இதே ஊரில்தான் இருக்கிறது. நாங்கள் தங்கியிருந்தவரை சூரியனைக் காணோம். நூறு வருஷத்துக்கு மேலாக உற்றுப் பார்த்தால் யாருக்குத்தான் கூச்சம் வராது!

சாகசம் ராத்திரி வந்தது. அட்வென்ச்சர் நிபந்தனைப்படி ஏரிப் பக்கம் தங்காமல், ஊருக்கு வெளியே ஒரு தோட்ட வீட்டில் அறை எடுத்திருந்தோம். "இயற்கையோடு இணைந்த தங்குமிடம்" என்று சொல்லியிருந்தார்கள். கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தது, அதுதான் இணைப்பு. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி சாயங்காலமே சொன்னான்: "அண்ணே, இருட்டுன பெறகு வெளிய வந்தா டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வாங்க. காட்டுமாடு வரும்."

என் மனைவி சிரித்தாள். அவள் பிறந்தது அலங்காநல்லூர். பொங்கலுக்கு முன்னால் அந்த வீட்டில் மனிதர்களைவிடக் காளைகளைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். மாடு வரும் என்று அவளிடம் சொல்வது பூனை வரும் என்று சொல்வதற்குச் சமம்.

குளிர் தேசத்தில் நடுராத்திரி எழுந்திருக்க வேண்டிய அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்தேன். வாசலை ஒட்டிக் கறுப்பாக ஒரு சுவர் நின்றது. சாயங்காலம் இது இல்லையே என்று யோசிக்கும்போது சுவர் மூச்சு விட்டது. டார்ச்சைக் கீழே அடித்தேன். முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை. வளர்ந்த ஆண் ஒரு டன் எடைக்குக்கூடப் போகும் என்று எங்கோ படித்தது அந்த நேரத்தில்தான் ஞாபகம் வர வேண்டுமா?

"தள்ளுங்க, மாடுதானே" என்று கம்பளியோடு வந்தாள். "ஏய், ஹை! போ அங்கிட்டு!"

காட்டுமாடு தலையைத் தூக்கியது. தூக்கிக்கொண்டே இருந்தது. கொம்பு கதவு நிலைக்கு மேலே போனதும் என் மனைவி, "சரி, நீங்க மெதுவா சாப்பிட்டுப் போங்க" என்று பன்மையில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அது முட்டைகோஸ் பாத்தியை முடிக்கும் வரை நாங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். நான் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் தம்பி காபி கொண்டுவந்தான். பாத்தியைப் பார்த்துவிட்டு, "சின்னது வந்திருக்குண்ணே. பெருசு இன்னைக்கு வரும்" என்றான்.

அன்றைக்கே மூட்டை கட்டினோம். சிக்னல் கிடைத்ததும் என் மனைவி அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். அவள் சொன்னதில் மாடு இன்னும் இரண்டு முழம் உயர்ந்திருந்தது. கதவைச் சாத்தியது நான் என்றும் ஆகியிருந்தது. மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பசுவா, காளையா?" என்றார்.

இவள் என்னைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை என்றேன்.

"நல்லாருக்கே! வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கு. பசுன்னா எவ்வளவு கறக்கும்னு அந்தப் பையன்கிட்டயாவது கேட்டுட்டு வாங்க."