மூச்சு வாங்கும் சரித்திரம்

இமயமலையில் மூச்சு வாங்குகிறவனுக்கு உலகத்தில் ஒரு கௌரவம் உண்டு. 1953இல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டியபோது டென்சிங் எவ்வளவு இரைத்தார் என்று எவரும் கேட்பதில்லை, கேட்டாலும் அந்த இரைப்பையும் வீரத்தின் கணக்கிலேயே வரவு வைப்பார்கள். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை நெடுஞ்சாலையின் அருகே நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டைப் பாறையில் இரைக்கிறவன் கதி வேறு. அந்தப் பாறை 200 அடி உயரம் என்று ராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கிலச் சரித்திராசிரியர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். இருநூறு அடிக்கு இரைத்தால் ஜனங்கள் மாலை போட மாட்டார்கள், "சர்க்கரை பார்த்தீங்களா ஐயா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

நானோ அரியலூர்க்காரன். கிரெட்டேஷியஸ் யுகத்தில் எங்கள் சீமை சமுத்திரத்துக்கு அடியில் கிடந்தது. அன்று நீந்திய அம்மோனைட்டுகள் இன்று கல்லாய்க் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தோண்டிச் சிமெண்டு செய்கிறோம். ஆகவே கீழே இறங்குவதில் எங்களுக்கு வம்ச பரம்பரையான பயிற்சி உண்டே தவிர, மேலே ஏறுவதில் கிடையாது. 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, பக்கத்துச் சாத்தனூரின் 18 மீட்டர்க் கல்மரத்தைப் பாருங்கள்: அதுவும் சயனத் திருக்கோலத்தில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட என்னைப் பெரம்பலூர் மைத்துனன், பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற வயல்களின் வழியே அழைத்துப்போய் அந்தப் பாறையடியில் நிறுத்தினான். அவனுக்கு வயது இருபத்துமூன்று. அந்த வயதுக்காரர்கள் மலை ஏறும்போது பேசவும் செய்வார்கள் என்பது எவ்வளவு குரூரமான விஷயம்! அப்போதுதான் எனக்கு ஓர் உபாயம் தோன்றியது. நிற்பதற்குக் காரணம் வேண்டும். சரித்திரத்தைவிடக் கண்ணியமான காரணம் வேறு எது?

அகழியருகே முதல் மூச்சு முட்டியதும், கர்நாடக நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் இக்கோட்டையைக் கட்டிய வரலாற்றை, தேவைக்கு அதிகமான கைவீச்சுகளுடன் விவரித்தேன். அடுத்த ஏற்றத்தில், ஒன்றுக்குமேல் ஒன்றாக மூன்று மதில்கள் எதற்காக என்ற கேள்வியை நானே எழுப்பி, நானே சாவதானமாக விடை தந்தேன். அரைவட்டக் கொத்தளம் ஒன்றைப் பார்த்ததும், அதன் அரைவட்டத்தை முழுவட்டமாகவே பாராட்டித் தீர்த்தேன். சுள்ளிக்கட்டைச் சுமந்து எங்களைக் கடந்து போன ஒரு மூதாட்டி சற்று நின்று கேட்டுவிட்டு, "உக்காந்து பேசுனா ஆவாதா தம்பி?" என்றாள். என் உபாயத்தின் சூட்சுமத்தை ஒரே பார்வையில் கண்டுகொண்டவள் அவள்தான்.

மேல் மதிலுக்குப் போகும் செங்குத்தான பாறை வழியில் 1751ஆம் வருஷம் கைகொடுத்தது. கர்நாடக நவாப் பட்டத்துக்கான சண்டையில் ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும், மறுபக்கம் முகமது அலிக்காகக் காப்டன் ஜிஞ்சனின் இங்கிலீஷ் படையும். அந்தப் படையோடு கிளைவும் வந்திருந்தார். இரு தரப்பும் கோட்டையைக் கேட்க, கோட்டைத் தலைவரான கில்லேதார் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லாமலும், ஒருவருக்கும் கதவைத் திறக்காமலும் நாட்களைக் கடத்தினார். இதைக் கோழைத்தனம் என்பவர்கள் அப்பாறையில் ஏறிப் பார்க்காதவர்கள். மேலே வந்துசேரும் தூதன் எவனுக்கும் வாதாட மூச்சு மிஞ்சியிராது என்பதையும், அவன் இளைப்பாறும் நேரமெல்லாம் கோட்டைக்கு லாபம் என்பதையும் அந்த மகானுபாவர் அறிந்திருக்க வேண்டும். நேரம் கடத்தும் கலையில் அவர் எனக்கு முன்னோடி என்ற பக்தி அந்த இடத்தில் உண்டாயிற்று.

"கடைசியில யாரு ஜெயிச்சாங்க மாமா?" என்றான் மைத்துனன். என் மூச்சு அதற்குள் சமனப்பட்டுவிட்டபடியால், அதைச் சொல்ல அவசியம் ஏற்படவில்லை.

உச்சியில் காற்று தாராளமாக வீசியது. கீழே லாரிகள் ஓசையில்லாமல் ஊர்ந்தன. மேற்கே நீலமாய் நீண்டு கிடந்த பச்சைமலையைக் காட்டி, "அடுத்த வாரம் அங்க போவோமா மாமா?" என்றான் அவன். அதன் உயரத்தைக் கண்ணால் அளந்தேன். கர்நாடக நவாபுகள் அனைவரையும் வரிசையாகச் சொன்னாலும் பாதி மலைக்குக்கூடக் காணாது.

"போகலாம் மாப்ளே, சோழர் காலத்திலிருந்து படிச்சிட்டு வர்றேன்" என்றேன்.