தொரே, கொஞ்சம் குந்து

இன்னா தொரே, நின்னுகினே கீறே? குந்து. படகு மேல சாயாதே, இப்பதான் பெயிண்டு அடிச்சேன். மணல்ல குந்து. நான் நண்டு கழட்டிகினே பேசறேன். படம் புடிக்கணும்னா புடிச்சிக்கோ. போன வாரம் ஒருத்தன் ஒரே நண்ட ஏழு பக்கத்துலேர்ந்து புடிச்சான். நண்டுக்கே வெக்கமா பூடுச்சு.

நாடகம், கலாசாரம்னு தேடி வந்தேன்றே. ஸோக்கா கீது. ஆனா இந்தக் கரையில வந்து எறங்குன மொத வெள்ளக்காரன் நீ இல்ல. ஒல்காட்டுன்னு ஒரு அமெரிக்காக்காரரு, பட்டாளத்துல கர்னலா இருந்தவரு, 1882-ல அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபையோட தலைமை எடத்த வெச்சாரு. ஒதுக்கி வெச்ச ஜனத்தோட புள்ளைங்களுக்குன்னு 1894-ல எலவசப் பள்ளிக்கூடம் தொறந்தாரு. நல்ல மனுசன்தான். ஆனா பாரு, எங்க குப்பத்துக்கே அவரு பேரு. பக்கத்துல பெசன்ட் நகரு, அது லண்டன்ல பொறந்த அம்மா பேரு. பீச்சு எலியட் தொரை பேரு. எங்க பாட்டன் பூட்டன் பேருல ஒரு முட்டுச்சந்து கூட கெடையாது. நீயும் ரொம்ப நாளு தங்கிடாதே நைனா. உன் பேருல ஒரு நகரு வரும், அப்பால வூட்டுக்காரன் வாடகைய ஏத்துவான்.

அதோ, அந்த வெள்ள மண்டபம். சினிமாப் பாட்டு எடுக்கவே கட்டினதுன்னு நெனச்சியா? இங்க பாதிப் பேரு அப்படித்தான் நெனச்சிகினு கீறாங்க. ஷ்மிட்டுன்னு ஒரு டென்மார்க்காரரு, கடல்ல தத்தளிச்சவங்களக் காப்பாத்தப் போயி, 1930 டிசம்பர் 30-ல முழுகிட்டாரு. அவரு நெனவுக்குக் கட்டினது. நீ சங்கீத சீசன்னு வர்றதும் அதே டிசம்பர்தான். வாடைக் காத்துல கடலு கிறுக்கு புடிச்சு நிக்கும். ராகத்துல வேணா முழுகு, தண்ணில எறங்காதே.

சபாவுக்குப் போனா ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கோ. மிருதங்கக்காரரு தனியா வாசிக்க ஆரம்பிச்சதும் பாதி ஜனம் எழுந்து ஓடும். பதறாதே, நெருப்பு ஒண்ணும் புடிக்கல. கேண்டீன்ல போண்டா சூடா வந்திருக்கும். நீ ஓடாதே. முன் வரிசை காலியாயிருக்கும், போய் ஒக்காந்துக்கோ.

கூத்து பாக்கணும்னா அது வேற கணக்கு. ராத்திரி பத்து மணிக்குக் குந்துனா விடிஞ்சுதான் எழுந்திரிக்கணும். கண்ணாடித் துண்டு பதிச்ச கட்டைக் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிகினு துரியோதனன் வருவான்னு பாப்பே. வரமாட்டான். ரெண்டு பேரு திரை புடிச்சிகினு நிப்பாங்க, அவன் பின்னாலயே நின்னு பாடிகினு இருப்பான். முகவீணை காதைத் தொளைக்கும். அந்த நேரத்துல போன நோண்டினே, கோமாளி வேசங்கட்டற கட்டியக்காரன் உன்ன வுடமாட்டான், மானத்த வாங்கிடுவான். காஞ்சிபுரத்துப் பக்கம் ஒரு ஹாலந்துக்காரம்மா, ஹன்னே டி புருயின்னு பேரு. ஆராய்ச்சி பண்ண வந்தவங்க, கூத்தாடி ராஜகோபாலையே கல்யாணம் கட்டிகினாங்க. 1990-லேர்ந்து கட்டைக்கூத்து சங்கம். புஞ்சரசந்தாங்கல்ல குருகுலம் வெச்சு, ஆம்பளைங்களே ஆடிகினிருந்த ஆட்டத்த பொட்டப் புள்ளைங்களுக்கும் கத்துக் குடுத்தாங்க. நான் உன்னக் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லல. ஒரு ராத்திரி முழுசாத் தூங்காம குந்துன்னுதான் சொல்றேன்.

எங்க குப்பத்துலயும் மேடை போட்டாங்க. 2015-ல பாட்டுக்காரரு டி.எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழலுக்குப் போராடற நித்யானந்த் ஜெயராமன், எங்க ஜனம் எல்லாரும் சேந்து நடத்துன விழா. பரதமும் பாட்டும் பறையும் ஒரே எடத்துல. அன்னிக்கு ஒரு அம்மா எங்கிட்ட வந்து, “நான் முப்பது வருசமா இதோ இந்தப் பக்கத்துத் தெருவுலதான் இருக்கேன், உள்ள வர்றது இதான் மொத தடவை”ன்னாங்க. நீ ஏழு கடல் தாண்டி வந்துட்டே. அவங்களால ஒரு ரோட்டத் தாண்ட முடியல. இப்ப யாரு வெளியூர்க்காரன், நீயே சொல்லு.

ஐய, இன்னா பண்றே! நண்ட அப்படி இழுக்காதே. காலு ஒடிஞ்சா வெல பூடும். மொதல்ல வலைக் கண்ணத் தளர்த்து, அப்பால கொடுக்க மடக்கிப் புடி. ஆங், அவ்ளோதான்.

நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் படகு திரும்பும். வலை உதற ஆளு கம்மி. கேமராவ வூட்டுலயே வெச்சுட்டு வா.