ஷிப்பூரில் ஓடிய லூப்

2000-களின் நடுவில் ஹவுராவின் ஷிப்பூரில் நான் முதுநிலைப் பொறியியல் படித்தபோது, சிமுலேஷன் என்பது பாதி மூளை வேலை, பாதி கைவேலை. 1856-இல் தொடங்கிய பழைய வங்காளப் பொறியியல் கல்லூரி அப்போதுதான் பல்கலைக்கழகமாகியிருந்தது. 2014 முதல் அதன் பெயர் ஐ.ஐ.இ.எஸ்.டி. எங்கள் லேபில் என்எஸ்-2 என்ற சிமுலேட்டரை வைத்துக் கம்பியில்லா நெட்வொர்க்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

வேலை இப்படி நடக்கும். சிமுலேஷனை விவரிக்கும் டிசிஎல் ஃபைலை விஐ எடிட்டரில் திறந்து, நோடு எண்ணிக்கையை 10-லிருந்து 20 ஆக்கிச் சேமித்து ஓட விடுவோம். ஓடி முடிந்ததும் நீளமாக ஒரு டிரேஸ் ஃபைல் கிடக்கும். 'எஸ்' என்று தொடங்கும் வரி, அனுப்பிய பாக்கெட். 'ஆர்' என்றால் வந்து சேர்ந்தது. 'டி' என்றால் வழியில் தொலைந்தது. ஆக் கட்டளையால் இவற்றை எண்ணி, சேர்ந்ததை அனுப்பியதால் வகுத்து, விடையை நோட்டில் குறித்துக்கொள்வோம். பிறகு டிரேஸின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, நோடுகளை 30 ஆக்குவோம். பெயர் மாற்றாவிட்டால் அடுத்த ரன் முந்தையதை அழித்துவிடும். கடைசியில் நோட்டிலிருக்கும் எண்களை எக்செலில் தட்டினால் ஒரு கோடு வரும்.

அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு ரன்னின் விடை. கையின் பொறுமை எங்கே தீர்ந்ததோ, அறிவியலும் அங்கேயே நின்றது. மறுபடி ஓட்டிப் பார்க்கும் பொறுமை இருந்தாலும் அது மட்டும் போதாது. தற்செயல் எண்களின் தொடக்கமான ராண்டம் சீடு, என்எஸ்-2-இல் நாமாக மாற்றாதவரை 12345 தான். பத்து முறை ஓட்டினாலும் பத்து முறையும் அதே எண் வரும்.

ஒரு சாயங்காலம் நாங்கள் 'தாதா' (வங்காளியில் அண்ணன்) என்று அழைக்கும் சீனியர் ஒருவர் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக் காட்டினார். வெளி லூப்பில் நோடு எண்ணிக்கை, உள் லூப்பில் சீடு. இரண்டையும் ஒவ்வொரு சுற்றிலும் கட்டளை வரியிலேயே டிசிஎல்லுக்குக் கொடுத்தார். டிரேஸின் பெயரிலும் இரண்டையும் சேர்த்தார். எந்த டிரேஸும் இன்னொன்றின் மேல் விழவில்லை. ஆக் எண்ணிய விடைகள் ஒரே ஃபைலில் வரிவரியாகச் சேர்ந்தன. கடைசி வரி கிராஃப் வரையும் க்னூபிளாட்டைக் கூப்பிட்டது. நாங்கள் லாக்-அவுட் செய்தாலும் நிற்காதபடி முன்னால் நோஹப் போட்டு ஓட விட்டுவிட்டு மெஸ்ஸுக்குப் போனோம். மறுநாள் காலையில் கிராஃப் தயாராக இருந்தது. சீடுக்குச் சீடு விடை எவ்வளவு விலகியது என்று காட்டும் பிழைக்கோடு ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் இருந்தது. அவர் கையாண்டவற்றில் எதுவும் புதிதல்ல. ஆக் 1977-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. க்னூபிளாட் 1986-இலும் பாஷ் 1989-இலும் வந்தவை.

பிழைக்கோட்டின் அருமையை எனக்குப் புரியவைத்தது ஹூக்ளி ஆற்றின் எதிர்க்கரை. பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கிய பி.சி. மஹலனோபிஸ், 1930-களின் பிற்பகுதியில் வங்காளத்தின் சணல் சாகுபடிப் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பால் மதிப்பிட்டார். ஹவுராவின் ஆற்றங்கரை மில்கள் நம்பியிருந்த சணல் அது. அவர் மாதிரியைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு குழுக்களைக் கொண்டு ஒரே வட்டாரத்தை அளக்கச் செய்தார். குழுவுக்குக் குழு விடை எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்து, மொத்த மதிப்பீட்டை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லிவிடலாம். சீடை மாற்றி மாற்றி ஓட்டுவதற்குப் பின்னால் இருப்பதும் இதே அறிவுதான். ஆனால் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ரன் தேவை. கையால் அது நடக்காது. லூப் இருந்தால் நடக்கும்.

இப்போது ஷிப்பூரில் ஆராய்ச்சி செய்யும் மதுரைத் தம்பி ஒருவன் சமீபத்தில் போன் செய்தான். அவனிடம் என்எஸ்-3 இருக்கிறது. ஒரே நேரத்தில் பல ரன்களை ஓட்டும் சர்வரும் இருக்கிறது.

"அண்ணே, ராத்திரி 500 ரன் போட்டுட்டேன். கிராஃப் அனுப்பியிருக்கேன், பாருங்க."

"ஒரு டிரேஸையாவது திறந்து பார்த்தியாடா?"

"இல்லண்ணே. சராசரி ஒழுங்காத்தானே வந்திருக்கு?"

பார்க்கச் சொன்னேன். சாயங்காலமே திரும்பக் கூப்பிட்டான். சில ரன்களில் நோடுகள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சிதறி விழுந்ததால் ஒரு பாக்கெட்கூடச் சேரவில்லை. அந்தப் பூஜ்யங்கள் சராசரிக்குள் மறைந்திருந்தன. நாங்கள் ஓட்டியது கொஞ்சம், ஆனால் ஒவ்வொன்றையும் பார்த்தோம். இவர்கள் ஓட்டுவது ஏராளம், பார்ப்பதற்கு யாருமில்லை.

அதற்காகக் கைவேலைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லமாட்டேன். பார்க்கும் வேலையையும் ஸ்கிரிப்டிலேயே எழுதலாம். சும்மா விட்டால் பாஷ், ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடும். தோற்ற இடத்திலேயே நிற்கும்படி முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். ஒரு பாக்கெட்டும் சேராத ரன்களைத் தனியே பட்டியலிடச் சொல்லலாம். சராசரியோடு எல்லா ரன்களின் புள்ளிகளையும் அதே கிராஃபில் போடச் சொல்லலாம்.

இன்னொரு வேலையையும் அவனிடம் சொன்னேன். அதற்கான காரணம் இது. 2005-இல் குர்கோவ்ஸ்கி, கேம்ப், கொலக்ரோசோ மூவரும் கம்பியில்லா நெட்வொர்க்குகளுக்கான மோபிஹாக் மாநாட்டில் 2000 முதல் வெளியான கட்டுரைகளை அலசினார்கள். அவற்றில் மறுபடி செய்து பார்க்கக்கூடியவை 15 சதவீதத்துக்கும் குறைவு. சிமுலேட்டரின் வர்ஷனைக்கூடப் பலர் எழுதவில்லை. கையால் ஓட்டிய காலத்தில் எங்கள் நோட்டிலும் விடை மட்டும்தான் இருந்தது. அதற்கு வந்த வழி இல்லை. ஸ்கிரிப்டில் அந்த வழி முழுவதும் எழுத்தாக நிற்கிறது. வேகத்தைவிட நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

அதனால் கட்டுரையோடு ஸ்கிரிப்டையும் சீடு பட்டியலையும் வர்ஷன் எண்ணையும் சேர்த்து வெளியிடச் சொல்லியிருக்கிறேன். முகம் தெரியாத ஒருவர் அதை ஓட்டி அதே கிராஃபைப் பார்க்கும்போதுதான் அவன் கண்டது எல்லோருக்கும் உரிய அறிவாகும்.