உயர்திரு நோ-ரிப்ளை அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
முன்னாள் துணை விற்பனையாளர் (கணக்கு மூடப்பட்டவர்),
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு நோ-ரிப்ளை அவர்கள்,
அஃபிலியேட் பிரிவு, பெரிய ஆன்லைன் கடை,
(ஊர் தெரியவில்லை).

பொருள்: எட்டு மாத வருமானம் 612 ரூபாய் 35 காசு நிறுத்திவைப்பு – கணக்கு மூடல் – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் அதிகாலை 2.14 மணிக்கு அனுப்பிய மின்னஞ்சல்.

ஐயா,

பார்வையில் கண்ட தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றேன். என் கணக்கை மூடிவிட்டதாகவும், அதில் சேர்ந்திருக்கும் தொகையைத் தர இயலாது என்றும், இந்த முடிவு இறுதியானது என்றும், இதற்குப் பதில் எழுத வேண்டாம் என்றும் நான்கே வரியில் தெரிவித்திருந்தீர்கள். பதில் எழுதாதே என்பதையே ஒருவர் பெயராக வைத்துக்கொள்வாரா என்று முதலில் குழம்பினேன். பிறகு பழைய மடல்களைப் புரட்டினால் என் வங்கியிலும் தாங்கள்தான், பஸ் டிக்கெட் எடுக்கும் செயலியிலும் தாங்கள்தான், செல்போன் கம்பெனியிலும் தாங்கள்தான் வேலை பார்க்கிறீர்கள். ஒரே ஆள் இத்தனை இடத்தில் மாரடித்தால் யாருக்கென்று பதில் போடுவது? சிரமம் புரிகிறது. பதிலை எதிர்பார்க்காமலே எழுதுகிறேன்.

நான் தங்கள் தொழிலுக்குப் புதியவன். கமிஷனுக்குப் புதியவன் அல்ல. என் தாய்மாமன் ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில் மாட்டுத் தரகர். வியாழக்கிழமையானால் விடிவதற்குள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்பா எல்ஐசி ஏஜென்ட். நான் பதினோரு வருஷம் ரீசார்ஜ் கடை வைத்திருந்தேன். நூறு ரூபாய்க்குப் போட்டால் இரண்டோ மூன்றோ கையில் நிற்கும். ஜனங்கள் அவரவர் போனிலேயே போட்டுக்கொள்ளப் பழகிய பிறகு கடையில் நானும் மேசை விசிறியும்தான் மிச்சம். அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூரில் ஓர் ஓட்டல் ஹாலில் நடந்த இலவச வகுப்புக்குப் போனேன்.

இலவச வகுப்பு என்பது 4,999 ரூபாய் வகுப்பில் சேர்வதற்கான வகுப்பு என்று டீ குடித்த பிறகுதான் தெரிந்தது. கோட்டுப் போட்ட தம்பி ஒருவர் தன் வங்கிக் கணக்கைப் படமெடுத்துத் திரையில் காட்டினார். தொகை பளிச்சென்று தெரிந்தது, தேதி மட்டும் மங்கல். “சரக்கு வேண்டாம், கடை வேண்டாம், முதல் வேண்டாம் சார். லிங்க் போதும். நீங்க தூங்கும்போதும் பணம் வந்துக்கிட்டே இருக்கும்” என்றார். நான் சரியாகத் தூங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. பணத்தைக் கட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் பாடத்தின் தலைப்பு, புதியவர்கள் முதலில் எதை விற்கலாம் என்பது. விடை: இந்த வகுப்பையே விற்கலாம். ஓர் ஆளைச் சேர்த்துவிட்டால் பாதிப் பணம் கமிஷன். மிக்சிக்கு நூற்றுக்கு மூன்று, நான்கு தருகிற உலகத்தில் ஒருவர் ஐம்பது தருகிறார் என்றால் அந்தச் சரக்கின் அடக்கவிலை என்னவென்று பெருந்துறைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் 2012 வரை ஈமு கோழி வளர்த்தவர்கள். அதன் கறியை யார் தின்றார்கள், எண்ணெயை யார் தேய்த்துக்கொண்டார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஈமு வளர்க்க ஆள் சேர்த்ததுதான் ஈமு வியாபாரம். என் பங்காளி ஒருவர் தோட்டத்தில் ஈமுவுக்குப் போட்ட கம்பிவேலி இன்னும் நிற்கிறது. இப்போது அதில் பீர்க்கங்கொடி படர்ந்திருக்கிறது. அதனால் அந்தப் பாடத்தை மட்டும் விட்டுவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடிய சாமானை விற்போம் என்று தங்கள் கடைக்கு வந்து சேர்ந்தேன்.

ஆளைக் காட்டிவிட்டுக் காசு வாங்கும் இந்த ஏற்பாட்டுக்குத் தங்கள் கடை முன்னோடி அல்ல என்பதும் படித்துத் தெரிந்துகொண்டேன். அமேசான் வெறும் புத்தகக் கடையாக இருந்த 1996 ஜூலையிலேயே இதைத் தொடங்கி, 2000இல் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கிவிட்டதாம். மாமனிடம் சொன்னேன். “துண்டுக்கடியில வெரலப் புடிச்சு வெல பேசறதுக்கும் வாங்கிப்போட்டானா?” என்று பதறினார். அதற்கு இல்லை என்றதும் வெற்றிலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

மாமனுக்கு ஒரு சட்டம் உண்டு. மாட்டைக் காட்டியவர் அவர் என்றால், வந்தவர் இந்த வாரம் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போய், வீட்டில் கலந்துகொண்டு, அடுத்த வாரம் வந்து ஓட்டிப்போனாலும் தரகு அவருக்குத்தான். தங்கள் கடையில் இந்த ஞாபகத்துக்குக் குக்கி என்று பெயர். நான் கொடுத்த லிங்க்கை ஒருவர் தட்டியதும் அவர் போனில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். இன்னார் அனுப்பிய ஆள் இவர் என்று கடைக்குச் சொல்லும். ஆயுள் 24 மணி நேரம். தட்டியவர் அதற்குள் எதை வாங்கினாலும் கமிஷன் எனக்கு. அரிசி குக்கருக்கு நான் போட்ட லிங்க் வழியாக யாரோ ஒரு புண்ணியவான் பதினொரு பாக்கெட் நாய் பிஸ்கட் வாங்கியிருக்கிறார். என் எட்டு மாத வருமானத்தில் பெரும்பங்கு அந்த நாய்தான் தந்தது. அது நீடூழி வாழ்க.

ஆனால் என் பெரியம்மா 24 மணி நேரத்தில் முடிவெடுக்கும் ரகம் அல்ல. அவர் காங்கேயத்தில் இருக்கிறார். டேபிள்டாப் கிரைண்டர் வேண்டும் என்றார். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய கோயம்புத்தூர் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்க, வேறு மாநிலத்துக் கிடங்குக்குப் போய்த் திரும்பிவரும் கிரைண்டரை அவருக்கு நான் பரிந்துரைத்தேன். அது என் குற்றம்தான். விலை 5,200 ரூபாய். நூற்றுக்கு நான்கு என்றால் எனக்கு 208.

செவ்வாய்க்கிழமை ராகு காலம் முடிந்து, மாலை நாலே முக்காலுக்கு லிங்க்கைத் தட்டினார். பிடித்துவிட்டது. ஆனால் செவ்வாயில் கல் வாங்கக் கூடாதாம். புதன் அஷ்டமி. வியாழன் நவமி. வெள்ளி காலை எட்டு மணிக்குக் குளிகையில் வாங்கினார். குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். தங்கள் தொழிலுக்கு அதைவிட உகந்த நேரம் பஞ்சாங்கத்திலேயே கிடையாது. என் குக்கியோ புதன் மாலையே போய்ச் சேர்ந்துவிட்டது. செவ்வாயன்றே கூடையில் போட்டு வைத்திருந்தால் கணக்கு நீண்டிருக்கும் என்று தங்கள் விதிமுறையில் பொடி எழுத்தில் இருக்கிறது. பெரியம்மாவிடம் கேட்டேன். காசு கொடுக்காமல் ஒரு பொருளைத் தூக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு மூன்று நாள் இருப்பதற்கு அவர் வேறு பெயர் வைத்திருக்கிறார்.

இதில் அரசு உத்தரவு ஒன்றும் குறுக்கிட்டது. ஆதாயம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர்கள் அதை எளிய மொழியில், தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. பிரபலங்களுக்கும் சமூக ஊடகத்தில் செல்வாக்கு உள்ளவர்களுக்கும் ஆனது அது. எனக்கு யூடியூபில் 212 பேர். அதில் நாற்பது பேர் என் கல்யாணத்துக்கு மொய் எழுதியவர்கள். இருந்தாலும் சட்டம் சட்டம்தானே என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

“இதுல எனக்குக் கொஞ்சம் கமிஷன் வருமுங் பெரியம்மா.”

“ஏங்கண்ணு, பெரியம்மாகிட்டயே தரகு வாங்குவியா?”

“உங்ககிட்ட இல்லீங். கடைக்காரன் குடுக்கறான்.”

“கடைக்காரன் ஆருகிட்ட வாங்கிக் குடுக்கறான்?”

4,999 ரூபாய் வகுப்பில் இந்தக் கேள்வி வரவே இல்லை. எனக்கு விடையும் வரவில்லை. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

சரி, பெரியம்மா அஷ்டமி நவமி பார்க்காமல் செவ்வாயன்றே வாங்கியிருந்தால் 208 ரூபாய் வந்திருக்குமா என்றால், அதுவும் இல்லை. நண்பர், உறவினர், உடன் பழகுபவர் வாங்கினால் கமிஷன் கிடையாது என்பது தங்கள் இன்னொரு விதி. அதைக் காட்டித்தானே கணக்கை மூடியிருக்கிறீர்கள். மச்சான் வாங்கிய போன் கவரும் சித்தப்பா வாங்கிய டார்ச் லைட்டும் அகப்பட்டுக்கொண்டன. 180 நாளுக்குள் மூன்று விற்பனை காட்டாவிட்டால் வெளியேற்றம் என்றும் ஒரு விதி வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் பங்காளியாக இருப்பார், இல்லாவிட்டால் மாமன் மச்சானாக இருப்பார். இரண்டும் இல்லாதவரிடம் குலதெய்வம் எது, பெண் எடுத்த ஊர் எது என்று பேச்சுக் கொடுத்தால் டீ ஆறுவதற்குள் ஒரு முறை கண்டுபிடித்துவிடுவோம். மிச்சம் இருப்பவர்கள் வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்கள். அவர்களிடம்தான் என் லிங்க் செல்லும்போல. நான் “நம்பி வாங்குங்க” என்று சொன்னால் நம்பக்கூடியவர் வாங்கினால் செல்லாது, நம்பாதவர் வாங்கினால் செல்லும். வகுப்பில் அந்தத் தம்பி நிமிடத்துக்கொரு தரம் சொன்ன ஆங்கிலச் சொல் ‘டிரஸ்ட்’.

தங்கள் கண்டிப்புக்குக் காரணம் இருப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஈபேயின் முதல்நிலைத் துணை விற்பனையாளராக இருந்த ஷான் ஹோகன் என்பவர், யாரும் எந்த லிங்க்கையும் தட்டாமலே, தன் பக்கங்களை எட்டிப் பார்த்தவர்களின் கணினிகளில் குக்கியைத் திணித்துவிட்டாராம். சில வருஷங்களில் வந்த கமிஷன் சுமார் 2.8 கோடி டாலர். 2010இல் குற்றச்சாட்டு, 2014இல் ஐந்து மாதச் சிறை. மாமன் கதையைக் கேட்டுவிட்டு, “சந்தைக்கு வர்ற வழியில நின்னுக்கிட்டு, போற வாரவன் முதுகுலயெல்லாம் நம்ம பேரை எழுதி உட்டுருக்கான்” என்றார். இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில் ஹனி என்ற கூப்பன் தேடித்தரும் உலாவி நீட்சியின் மீதும் புகார் கிளம்பியது. கடைசி நொடியில் அடுத்தவர் குக்கியைத் தள்ளிவிட்டுத் தன்னுடையதை வைக்கிறது என்று. வழக்குகள் வந்தன. நடைமுறை விதிப்படிதான் செய்கிறோம் என்றது அதன் உரிமையாளரான பேபால். நான் கவனித்தது வேறு: கடைசியில் தொட்டவருக்கே முழுக் கமிஷன் என்பதுதான் இந்தத் தொழிலின் பொது விதியாம். எட்டு வாரம் மாட்டின் குணத்தையெல்லாம் எடுத்துச் சொன்னவனுக்கு ஒன்றும் இல்லை, ஓட்டிப்போகும்போது கயிற்றைத் தொட்டவனுக்குத் தரகு. கருங்கல்பாளையத்தில் அப்படித் தொட்டால் கையில் கயிறு இருக்கும், தோளில் துண்டு இருக்காது.

வருமான வரித் துறைக்கு என்னால் தொல்லை எதுவும் இல்லை. கமிஷனில் வரி பிடிக்க வருஷத்துக்கு 20,000 ரூபாய் தாண்ட வேண்டும். என் வேகத்தில் அவ்வளவு சேரவே இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்த நாயும் இருக்க வேண்டும்.

அம்மாதான் ஒருநாள் பாஸ்புக்கை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அப்பா 2016இல் காலமானார். எல்ஐசியில் நெடுநாள் ஏஜென்டாக இருந்தவர் இறந்தால், அவர் பிடித்துக்கொடுத்த பாலிசிகளுக்குப் பிரீமியம் கட்டக் கட்ட வாரிசுக்குக் கமிஷன் வந்துகொண்டிருக்கும். 1999இல் அப்பா சைக்கிளில் ஊத்துக்குளி வரை அலைந்து, மூன்று வீட்டில் மோர் குடித்துப் போட்ட பாலிசி இன்னும் ஓடுகிறது. போன மாதம் அந்த வகையில் அம்மா கணக்கில் ஏறியது என் எட்டு மாத வருமானத்தைவிட அதிகம். தூங்கும்போதும் பணம் வரும் என்று அந்தத் தம்பி சொன்னது பொய் இல்லை ஐயா. எங்கள் வீட்டில் ஒருவருக்கு வருகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிரைண்டர் மூன்றாம் மாதமே மக்கர் செய்யத் தொடங்கியது. பெல்ட் நழுவுகிறது, கல் சுற்றாமல் நிற்கிறது. பெரியம்மா கூப்பிட்டது என்னைத்தான். “நீ சொல்லித்தான வாங்கினேன்” என்றார். தங்கள் கணக்கில் நான் சொல்லி அவர் வாங்கவில்லை, குக்கி செத்துவிட்டது. அதை அவரிடம் நிரூபிக்க வழியில்லை. பெரியம்மாவின் குக்கிக்கு ஆயுள் கணக்கு கிடையாது. 1987இல் என் அப்பா வாங்கித் தந்த பிரஷர் குக்கரின் விசில் பறந்ததை அவர் இன்றும் பொங்கலுக்குப் பொங்கல் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் போய்க் கிரைண்டரைக் கவிழ்த்துப் பார்த்தேன். கடைவீதியில் உதிரிப்பாகக் கடை ஒன்று இருக்கிறது. பெல்ட் 140 ரூபாய். பெரியம்மாவும் கூட வந்து, அப்படியே மிக்சி ஜாருக்குப் பிளேடு, குக்கருக்குக் கேஸ்கட் எல்லாம் வாங்கினார். கடைக்காரர் பில்லைப் போட்டுவிட்டு, “ஆளைக் கூட்டியாந்தவருக்கு ஒரு டீ சொல்லுப்பா” என்று பையனை அனுப்பினார். நான் அவருக்குச் சொந்தமா என்று கேட்கவில்லை. பெரியம்மா சொந்தமா என்றும் கேட்கவில்லை. டீயில் சர்க்கரை கொஞ்சம் கூடுதல்.

ஆகவே 612 ரூபாய் 35 காசைத் தாங்களே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். குறைந்தபட்சத் தொகை சேரவில்லை என்று எட்டு மாதமாக அதைப் பத்திரமாக வைத்திருந்த கை. அதற்குப் பதிலாக ஒரே ஓர் உதவி. தங்கள் செல் நம்பரைத் தெரிவித்தால் பெரியம்மாவிடம் கொடுத்துவிடுவேன். நேற்றிலிருந்து கல் மறுபடியும் சத்தம் போடுகிறதாம். காலை ஐந்தரைக்கு மேல் கூப்பிடுவார், எடுக்கும்வரை கூப்பிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் துணை விற்பனையாளர்.

இணைப்பு: பழைய பெல்ட் – 1.

நகல்: பெரியம்மா, காங்கேயம் (தகவலுக்காகவும், கல்லைத் தனியாகக் கழற்ற முயல வேண்டாம் என்ற வேண்டுகோளுடனும்).