பீரோவுக்குள் ஒரு பூகோள உருண்டை

தொண்ணூறுகளில் எங்கள் பள்ளியில் கற்பித்தல் துணைக்கருவிகள் இரண்டு வகை. ஒன்று, ஹெச்.எம். பீரோவுக்குள் இருப்பவை, மற்றொன்று, ஸ்டாக் ரிஜிஸ்டரில் மட்டும் இருப்பவை. பூகோள உருண்டை முதல் வகை. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில்தான் பிள்ளைகள் அதைத் தரிசிப்பார்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை தெரியாததால் உலகம் பத்திரமாக இருந்தது.

பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. துணைக்கருவி செய்ய ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய். சார்ட், ஸ்கெட்ச் பேனா, தெர்மாகோல் என்று வீடே பட்டறையானது. நீர்ச்சுழற்சி சார்ட்டைப் பக்கத்து வகுப்பு டீச்சர் கேட்டால், “அடுத்த வாரம் எனக்கே வேணுமே டீச்சர்” என்பேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஜன்னல் வழியே பார்த்துத் தானே வரைந்துவிடுவார். என் படத்தில் கடல் இருந்த இடத்தில் அவர் படத்தில் எங்கள் ஊர் ஏரி இருக்கும். அவர் வகுப்புக்கு அது சட்டென்று புரிந்துவிடும்.

இதற்கிடையே, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடப்பொருள்களை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக 2001இல் அறிவித்தது. மறு ஆண்டு யுனெஸ்கோ கூட்டம் இத்தகையவற்றுக்குத் திறந்த கல்வி வளங்கள் என்று பெயர் சூட்டியது. நம் பக்கம் 2017 செப்டம்பர் 5இல் திக்‌ஷா என்ற இணையக் கல்வித் தளம் வந்தது. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு முளைத்தது. இனி பீரோவும் இல்லை, சாவியும் இல்லை.

ரிஜிஸ்டர் மட்டும் சாகவில்லை. ஒரு காணொலியைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்ற வகுப்பு, பாடம், அலகு, கற்றல் விளைவு, குறிச்சொல், உரிமம் எல்லாம் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் தேடுபவருக்குக் கிடைக்காது என்பதால் அதையும் குறைசொல்ல முடியாது. உரிமமோ பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ்: எடுக்கலாம், பகிரலாம், பல வகைகளில் மாற்றவும் செய்யலாம். எடுக்கிறோம். வாட்ஸ்அப் குழுவில் தள்ளுகிறோம். மாற்றுவதுதான் நடப்பதில்லை. பின்னணி இசையோடு முடிந்துபோன காணொலியில் கடலை அழித்து ஏரியை எப்படி வரைவது? மூலக் கோப்பு தயாரித்தவரின் மடிக்கணினியில் இருக்கும். அவர் மாறுதலில் வேறு மாவட்டம் போயிருப்பார்.

சார்ட்டைத் தர மறுத்த காலத்தில் வகுப்புக்கொரு நீர்ச்சுழற்சி இருந்தது. தாராளமாகப் பகிரும் காலத்தில் எல்லா வகுப்புக்கும் ஒரே கடல். படிவத்தில் இத்தனை கட்டங்கள் போட்டவர்கள், மூலக் கோப்புக்கும் ஒன்று போட்டால் போதும். அதையும் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் வைத்துக் கேட்டால்தான் நாங்கள் கொடுப்போம்.